இலங்கையில் வருமான வரி சம்பளக்காரருக்கு மட்டும்தானா?

களுவாஞ்சிகுடி தாதி:
அரச வைத்தியசாலையில் வேலை. ஓ.டி. (மேலதிக நேர வேலை) கூடுதலாகச் செய்த மாதத்தில் மொத்தச் சம்பளம் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிடும், வரியை வெட்டிவிட்டுத்தான் மிச்சத்தை வங்கியில் போடுகிறார்கள். வரி கட்டுவதில் எனக்கு மனக்குறை இல்லை, நான் படித்ததே இலவசக் கல்வியில்தான், வார்ட்டில் நாங்கள் கொடுக்கிற மருந்தும் அந்தக் காசில்தான் வருகிறது. ஆனால் எங்கள் ஒழுங்கையில் ஏ.எல். (உயர்தர வகுப்பு) பிள்ளைகள் நிறைந்து வழிகிற ரியூசன் வகுப்பு நடக்கிறது, காசு கையில்தான் வாங்குகிறார்கள், ரசீது என்று ஒன்று நான் கண்டதில்லை. இராத்திரி முழுக்க நின்று உழைத்த காசுக்கு மட்டும் கணக்கு இவ்வளவு சரியாக இருப்பது எப்படி? இன்னொன்று, அம்மாவின் நிலையான வைப்பு வட்டியிலும் 10% வெட்டியிருக்கிறார்கள். அவவுக்கு வேறு வருமானமே இல்லை.

வாவிக்கரை:
தங்கச்சி, முதலில் கணக்கைப் பார்ப்போம். 2023 ஜனவரியிலிருந்து மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் எடுத்த சம்பளத்துக்கு வரி இருந்தது. 1,90,000 எடுத்தவருக்கு அப்போது 8,700 ரூபாய் போனது. 2025 ஏப்ரலில் வரியில்லாத எல்லையை மாதம் ஒன்றரை லட்சமாக்கிய பிறகு அதே சம்பளத்துக்கு 2,400 தான். ஆகவே சுமை குறைந்திருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்பது வேறு, அது சரியான கேள்வி. சம்பளக்காரரின் வரியை வேலை கொடுப்பவரே வெட்டி அனுப்பிவிடுவார். சொந்தத் தொழில் செய்பவர் தானே கணக்குப் பார்த்து, தவணைக்குத் தவணை கட்டி, நவம்பர் 30க்குள் விபரத்திரட்டும் (வருட வருமானக் கணக்குப் படிவம்) கொடுக்க வேண்டும். கொடுக்காதவரைத் தேடிப் பிடிக்க ஆள் வேண்டும், அந்த வேலைதான் நடப்பதில்லை.

சம்மாந்துறை வியாபாரி:
கடைக்காரர் எல்லாரையும் கள்ளராக்க வேண்டாம். ஒரு நாளைக்கு ஐம்பதாயிரத்துக்கு வியாபாரம் நடந்தாலும் அது விற்பனை, லாபம் இல்லை. சாமான் வாங்கிய காசு, கடை வாடகை, கரண்ட், வேலைக்கு நிற்கும் பொடியனின் சம்பளம் எல்லாம் போனால் எங்களில் பலருக்கு மாதம் ஒன்றரை லட்சம் மிஞ்சாது. டின் நம்பர் (வரிப் பதிவு இலக்கம்) எடுத்தவுடன் வரி கட்ட வேண்டும் என்ற பயம் வேறு ஊருக்குள் இருக்கிறது, அது தவறு, பதிவு வேறு வரி வேறு. ஆனால் பெரிய வீடு, இரண்டு வாகனம் என்று இருந்துகொண்டு வருமானம் இல்லை என்பவரை நானும் அறிவேன். அவர்களைப் பிடிக்கட்டும்.

அக்கரைப்பற்று வயற்காரன்:
நீங்கள் எல்லாரும் வருமான வரியோடு நிற்கிறீர்கள். எங்கள் வயலில் நாட்கூலிக்கு வருகிறவர் வருமான வரிக் கடதாசியைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார், ஆனால் போனுக்கு ரீலோட் போட்டாலும் சவர்க்காரம் வாங்கினாலும் 18% வட் (பெறுமதி சேர் வரி) கட்டுகிறார், கோடீஸ்வரர் கட்டுகிற அதே வீதம். 2019 கடைசியில் வட்டை 15இலிருந்து 8க்கு இறக்கினார்கள், வருமான வரி விலக்கையும் வருடத்துக்கு 30 லட்சம் வரை உயர்த்தினார்கள். அந்தச் சலுகையில் பெரிய பங்கு வசதியானவருக்குப் போனது. திறைசேரி வற்றியதும் வட்டை 2022இல் 12, பிறகு 15, 2024 ஜனவரியில் 18 என்று ஏற்றினார்கள், காஸ், டீசலுக்கும் சேர்த்து. உழவு மெஷினுக்கு அடிக்கிற டீசலிலும் வட் இருக்கிறது. வசதியானவரிடம் நேரே வாங்கத் துணிவில்லாமல் எல்லாருடைய சாமான் பையிலும் கை வைக்கிறார்கள், எனக்கு அதுதான் பெரிய அநியாயம்.

களுவாஞ்சிகுடி தாதி:
அண்ணன் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். ஒளிக்கிறவரிடம் வாங்கினால்தானே வட்டைக் குறைக்கலாம்? கிளினிக்குக்கு வருகிறவரிடம் இந்த மருந்தை வெளியே வாங்குங்கள் என்று துண்டு எழுதிக் கொடுக்கிறபோது அவர் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

வாவிக்கரை:
அம்மாவின் விஷயத்தை மறந்துவிட்டேன். வருட வருமானம் 18 லட்சத்துக்கு மேல் போகாதவர் வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் அந்த 10% வெட்ட மாட்டார்கள். ஏற்கெனவே வெட்டியதை இறைவரித் திணைக்களத்துக்கு விபரத்திரட்டு கொடுத்துத் திருப்பிக் கேட்கலாம், அதற்கு அவவின் பெயரில் டின் நம்பர் வேண்டும். வட்டி வெட்டிய சான்றிதழை வங்கியிடம் இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள்.