மேடைச் சம்பளமும் செக்ரோல் சம்பளமும்

தலவாக்கலை வாத்தியார்:

இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடிக் காலம் என்றாலே கொழும்பில் பெட்ரோலுக்கு நின்ற வரிசையும் காலிமுகத்திடலும்தான் எல்லாருக்கும் ஞாபகம் வருகிறது. மலையகத் தேயிலைத் தோட்டத்தில் அந்த வருசங்கள் எப்படிக் கழிந்தன, தொழிற்சங்கமும் கட்சியும் அப்போது எந்தப் பக்கம் நின்றன என்று நம்மவர்கள் எழுதியது குறைவு. கண்டதை எழுதுங்கள். தோட்டத்துப் பேர், ஆள் பேர், சங்கத்துப் பேர் வேண்டாம். வசையும் வேண்டாம்.

நானே தொடங்குகிறேன். ஆயிரம் ரூபா நாட்சம்பளம் என்ற பேச்சு 2015இல் எழுந்தது. 2016இல் 730இல் முடித்தார்கள். அதிலும் அடிப்படை 500தான், மிச்சமெல்லாம் வருகைக்கு, உற்பத்திக்கு என்று ஒட்டுப்போட்டது. 2018 அக்டோபரில் மலையகப் பிள்ளைகள் கறுப்பு உடுப்போடு காலிமுகத்திடலில் போய் நின்றார்கள். என் மாணவர்கள் சிலரும் கடையில் லீவு சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு, 2019 ஜனவரியில், அடிப்படை 700 ஆனது. ஆயிரம் வந்தது 2021 மார்ச்சில். அதையும் சங்கங்கள் தோட்டக் கம்பனிகளோடு மேசையில் உட்கார்ந்து வாங்கவில்லை. அரசாங்கத்தின் சம்பள நிர்ணய சபை வர்த்தமானி, அதாவது கெசட், போட்டுக் கொடுத்தது. ஆறு வருசம் இழுத்து வந்த ஆயிரத்தை அடுத்த வருசம் ரூபாவின் வீழ்ச்சி தின்றுவிட்டது. 2022 செப்டெம்பரில் விலைவாசி ஒரு வருசத்துக்குள் ஏறக்குறைய 70 வீதம் ஏறியிருந்தது.

ஸ்டாஃப் ரூமில் நாங்கள் ஆயிரம் கிடைத்துவிட்டது என்று பேசிக்கொண்டிருந்த மாதத்தில் என் வகுப்புப் பையன் ஒருவன், "சேர், எங்கம்மாவுக்கு இந்த மாசம் பதினோரு பேர்தான் விழுந்துச்சு" என்றான். அந்தக் கணக்கைத் தெரிந்தவர்கள் யாராவது விளக்குங்கள்.

ஓய்வுபெற்ற செக்ரோல்காரன்:

வாத்தியார் கேட்டதால் எழுதுகிறேன். தோட்ட ஆபீசில் செக்ரோல், அதாவது வேலைநாளும் சம்பளமும் பதிகிற பேரேடு, எழுதியே தலை நரைத்தவன் நான்.

ஆயிரம் என்பது பெரட்டுக் களத்துக்கு, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்கு, வந்த எல்லாருக்கும் கிடைக்கிற ஆயிரம் இல்லை. தோட்ட மேலாளரான துரை ஒரு நாளைக்கு வைத்த கொழுந்துக் கிலோவை எடுத்தால் முழுப் பேர், அதாவது முழு நாட்சம்பளம். எடுக்காவிட்டால் அரைப் பேர். சில நாள் எடுத்த கிலோவுக்கு மட்டும் காசு. வர்த்தமானி சம்பளத்தைச் சொன்னது, கிலோவை எங்கள் தோட்டத்தில் துரையே தீர்மானித்தார். 16 ஆக இருந்தது 18 ஆகி, ஆயிரம் வந்த கையோடு 20 ஆயிற்று. அதற்கு மேல் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசில் வைத்ததும் சாக்குக்கும் தண்ணிக்கும் என்று கழிவு. மழை நாளில் கழிவு கூடும். 22 கிலோ கொண்டுவந்த பிள்ளையின் பேருக்கு நேரே நான் 19 என்று எழுதியிருக்கிறேன். கழித்தது நானில்லை, கணக்கப்பிள்ளை சொன்ன எண்ணை எழுதுவதுதான் என் வேலை.

அந்த நேரம் பார்த்து 2021 மே மாதம் இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள். நவம்பரில் தடையை எடுத்தும் உரத்தின் விலை எட்டவில்லை. உரம் காணாத செடி துளிர் விடாமல், நாங்கள் சொல்வதுபோல வங்கியாகிக் கிடந்தது; இருபது கிலோவுக்குக் கொழுந்து எங்கே? நாடு முழுவதும் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை 2022இல் 25 கோடிக்கு இறங்கியது. கம்பனிக்காரர் நட்டம் என்றார்கள். அதில் பாதி உண்மை. மறு பாதி என்னவென்றால், ரூபா விழுந்ததால் அதே வருசம் கொழும்பு ஏலத்தில் தேயிலை அதுவரை காணாத விலைக்குப் போனது. டொலரில் விற்ற தேயிலைக்கு ரூபாவில் சம்பளம் கொடுத்தவர்கள் நட்டக் கணக்கைப் பேசுவதை அந்த மேசையில் இருந்தே கேட்டுக்கொண்டிருந்தேன்.

கட்சிக் கதைக்கு வருகிறேன். ஆயிரத்தோடு கம்பனிகள், சங்கங்களோடு சம்பளம் பேசி முடிக்கிற கூட்டு ஒப்பந்தத்தை விட்டு வெளியேறின. எங்கள் தோட்டத்தில் அதோடு சங்கச் சந்தாவைச் செக்ரோலில் பிடித்துக் கொடுப்பதும் நின்றது. அதுவரை மாசாமாசம் நான்தான் பிடித்து, பட்டியல் போட்டு, சங்கங்களுக்குக் காசோலை அனுப்புவேன். ஒரு தொழிலாளியை நேரில் பார்க்காமலே சங்கம் நடந்தது. சந்தா நின்ற மாதம் சங்கத்தின் மாவட்டப் பிரதிநிதி ஒருவர் வெள்ளைச் சட்டையோடு, லயம் என்கிற வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் ஏறி இறங்கினார். தொங்கல் வீட்டுக் கிழவி ஒருத்தி அவரை, "தம்பி எந்தத் தோட்டம்?" என்று கேட்டாள். அவர் அந்தப் பதவியில் எத்தனையோ வருசமாக இருப்பவர். நான் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன்.

கட்டுநாயக்கப் பொடியன்:

நான் தோட்டத்தை விட்டு வந்து சுதந்திர வர்த்தக வலயத்து ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறவன். 2022 கடைசியில் ஓடர் குறைந்தது. ஓவர்டைம் முதலில் போனது, பிறகு ஆட்கள். சம்பளத்தில் பாதி ஓவர்டைம்தான் என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. வேலையை விட்டு நிறுத்தினால் கேள்வி வரும் என்று தாங்களாகவே விலகுவதாக எழுதி வாங்கினார்கள்.

அடுத்த வருசம் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று எங்கள் ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியில் கை வைத்தார்கள். 2023 ஜூலை 1, சனிக்கிழமை, பாராளுமன்றத்தில் 122க்கு 62 என்று நிறைவேறியது. வங்கிகள் தப்பின, எங்கள் நிதி மாட்டியது. போர்டிங்கில் டீவி முன்னால் உட்கார்ந்து யார் யார் கை தூக்கினார்கள் என்று பார்த்தோம். எங்கள் அறையில் இருந்த நாலு பேரும் நாலு கட்சிக்கு வோட்டுப் போட்டவர்கள். ஏசுவதில் மட்டும் அன்றைக்கு ஒற்றுமை.

பொகவந்தலாவை மகள்:

அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அம்மாவுக்கு வயது ஐம்பத்து மூன்று, இன்னும் மலைக்குப் போகிறார்.

முதலில் சாப்பாடு. எங்கள் வீட்டில் காலையிலும் பகலுக்கும் ரொட்டிதான். மாவு விலை ஏறியதும் அம்மா ரொட்டியைச் சின்னதாக்கவில்லை, மெல்லிசாக்கினார். தட்டில் பார்த்தால் அதே வட்டம். மலையில் பத்து மணிக்கு அதைச் சாயத்தண்ணியில் தொட்டுத் தின்றால் பன்னிரண்டுக்குக் கை நடுங்குமாம், கொழுந்து கிள்ளுவது பிந்துமாம், கிலோ குறையுமாம். குறைந்தால் அரைப் பேர். செக்ரோல் ஐயா எழுதிய கணக்கு எங்கள் வீட்டில் இப்படித்தான் ஓடியது. மண்ணெண்ணெய் 2022 ஆகஸ்ட்டில் 87இலிருந்து ஒரே இரவில் 340 ஆனபோது, பெரட்டில் யாரும் கத்தவில்லையாம். விறகு எங்கே பொறுக்கலாம் என்றுதான் பேசிக்கொண்டார்களாம்.

மே தினக் கதையையும் அம்மா எழுதச் சொன்னார். 2024இல் பஸ் வந்தது, தொப்பியும் சோற்றுப் பார்சலும் தந்தார்கள். கொட்டகலை மேடையில் ஜனாதிபதி ரணில் விக்ரமசிங்க 1700 என்று அறிவித்தார். கூட்டம் முழுக்கக் கைதட்டல். "நானும் தட்டுனேன், எழுநூறு கூடுதுன்னா தட்டாம இருக்க முடியுமா?" என்கிறார் அம்மா. அந்த மேடை போட்ட சங்கத்தின் பொதுச் செயலாளர் அப்போது அமைச்சர். கம்பனிகள் வழக்குப் போட்டன. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. செப்டெம்பரில், ஜனாதிபதித் தேர்தல் நெருங்கிய நேரம், 1350க்கு வர்த்தமானி வந்தது.

இடையில் அம்மா சங்கத்தின் எங்கள் தோட்டத் தலைவரைக் கோயிலடியில் பிடித்தார்.

"அண்ணே, ஆயிரத்து எழுநூறு எந்த மாசச் சீட்டுல வரும்?"

"கோர்ட்டுல இருக்கு தங்கச்சி. நம்ம கையில இல்ல."

"மேடையில நம்ம கையில இருந்துச்சே?"

அவர் பதில் சொல்லாமல் செருப்பைத் தேடினாராம். அம்மா அவர் மேல் கோபமில்லை என்கிறார். அவரும் காலையில் கவ்வாத்துக் கத்தியோடு மலை ஏறுகிறவர்தான்.

பழைய தலைவர்:

மேலே எழுதியதையெல்லாம் பொறுமையாகப் படித்தேன். சங்கக்காரன் என்றால் இப்போது எல்லாருக்கும் இளக்காரம். நான் நாற்பது வருசம் தோட்டத் தலைவனாக இருந்தவன், சில விசயங்களைச் சொல்லியே ஆக வேண்டும்.

அரசாங்கத்தில் இருந்துகொண்டு சங்கம் நடத்த முடியாது என்ற மாதிரி எழுதுகிறீர்கள். 1984 ஏப்ரலில் எங்கள் சங்கத் தலைவர் தொண்டமான் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவின் அரசாங்கத்தில் அமைச்சராக இருந்தபோதுதான் தோட்டமெல்லாம் வேலைநிறுத்தம் செய்தோம். மற்றச் சங்கங்களும் சேர்ந்தன. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் வந்தது அந்த வருசம். அதுவரை எங்கள் வீட்டுப் பெண்கள் கூடுதலாக வேலை செய்து குறைவாக வாங்கினார்கள். 1986 ஜனவரியில் பிரார்த்தனைப் போராட்டம். நாடற்றவர்களாகக் கிடந்த மிச்சப் பேருக்குப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. வோட்டே இல்லாத சனத்துக்குக் கட்சி தேவையில்லை, சங்கம் மட்டும் போதும் என்று யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் அடித்துத் துரத்தியிருப்போம்.

ஆகவே பதவி குற்றமில்லை. அமைச்சராக இருந்தபடியே கொழுந்தை நிறுத்துவேன் என்று சொல்லக்கூடிய பலம் அப்போது இருந்தது. இப்போது தோட்டத்தில் வேலைசெய்கிற ஆள் குறைந்துவிட்டது, இருக்கிறவர்களும் ஏழெட்டுச் சங்கத்தில். எங்கள் டிவிசனில் அறுபது பேர் வேலைக்குப் போகிறார்கள், அஞ்சு கொடி பறக்கிறது. ஒரு சங்கம் வேலைநிறுத்தம் என்றால் மற்றதன் ஆட்கள் பெரட்டுக்குப் போவார்கள். கட்சி உடைந்தபோதெல்லாம் சங்கமும் உடைந்தது. அதை எழுதுங்கள்.

தலவாக்கலை வாத்தியார்:

தலைவர் ஐயா சொன்ன கடைசி வரியோடு எனக்குச் சண்டை இல்லை. முந்தினதோடு உண்டு. 1984இல் நிறுத்தியது கொழுந்தை. 2022இல் எதை நிறுத்தினோம்? ஜூலையில் ஒரு ஜனாதிபதி நாட்டை விட்டு ஓடினார், அந்த நேரத்தில்கூட அரைப் பேரை நிறுத்து, கிலோவை எழுத்தில் தா என்று தோட்டங்கள் ஒன்றாகக் கேட்கவில்லை. எங்கள் பிரதிநிதிகள் யாருக்கு ஆதரவு, யாருக்கு அமைச்சு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஆள் குறைவு என்பது காரணமாக இருக்கலாம். அது மட்டும் காரணம் என்று நான் ஒப்பமாட்டேன்.

ஓய்வுபெற்ற செக்ரோல்காரன்:

வாத்தியாருக்கு ஒன்று. கிலோவை எழுத்தில் கேட்ட ஒரு பிள்ளை எங்கள் தோட்டத்தில் இருந்தது. அடுத்த வாரம் அவளைத் தூர மலைக்கு, புல் மூடிய தேயிலைப் பகுதிக்கு மாற்றினார்கள். சங்கத்தில் இருந்து ஒரு கடிதம் வந்தது. ஃபைலில் குத்தி வைத்தது நான்தான்.

பொகவந்தலாவை மகள்:

தலைவர் ஐயாவுக்கு அம்மாவின் பதில் இருக்கிறது, எழுதச் சொல்கிறார்.

2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் எங்கள் லயத்தில் பாதிக்கு மேல் திசைகாட்டிச் சின்னத்துக்கு, அதாவது தேசிய மக்கள் சக்திக்கு. நுவரெலியா மாவட்டத்தின் எட்டு ஆசனத்தில் அஞ்சு அவர்களுக்குப் போனதை எல்லாரும் பார்த்தீர்கள். கொழும்புப் பத்திரிகைகள் மலையகம் பழைய சங்கங்களைக் கைவிட்டுவிட்டது என்று எழுதின. எங்கள் லயத்தில் அப்படி நடக்கவில்லை. அம்மா வோட்டை மாற்றினார், சந்தாவை மாற்றவில்லை. இப்போது தலைவர் வீட்டுக்கே வந்து வாங்கிக்கொண்டு ரசீதுத் துண்டு எழுதித் தருகிறார்.

ஏன் என்று கேட்டேன். "நாளைக்கு கங்காணி என் பேர வெட்டுனா ஆபீசு வாசல்ல வந்து நிக்கப்போறது அண்ணன்தான். பார்லிமெண்டுல இருக்குறவனா வருவான்?" என்றார். அண்ணன் வந்து நிற்பாரா என்று கேட்டதற்கு, போன மார்கழியில் ஒருமுறை நின்றார், பேரைத் திரும்பப் போட வைத்தார் என்றார்.

2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க 1750 என்றார்: கம்பனி 1550, அரசாங்கம் வருகைக்காக 200. செய்தி ஓடியபோது அம்மா அடுப்படியில் இருந்தார். கை தட்டவில்லை. வருகை என்றால் முழுப் பேர் விழுந்த நாளா, பெரட்டுக்கு வந்த நாளா, அதைக் கேட்டுச் சொல் என்றார். செக்ரோல் ஐயா, தெரிந்தால் எழுதுங்கள். அரைப் பேர் விழுந்த நாளுக்கு அந்த இருநூறு உண்டா?