ஆறும் இல்லை, துறைமுகமும் இல்லை: கோயம்புத்தூர் எப்படி வளர்ந்தது?

சிங்காநல்லூர் பட்டறை
கோவை வளர்ந்ததற்கு அதன் இருப்பிடம்தான் காரணம் என்று ஒரு நண்பர் அடித்துச் சொன்னார். எனக்கு ஒப்பவில்லை. நொய்யலில் வருஷத்தில் பாதி நாள் தண்ணீரே ஓடாது. கப்பலேற்ற கொச்சிக்கோ தூத்துக்குடிக்கோதான் போகவேண்டும். மழையும் வருஷத்துக்குச் சராசரியாக 700 மி.மீ.க்குள்தான். இதில் நிலம் என்ன கொடுத்துவிட்டது? 1888-ல் ஸ்டேன்ஸ் மில் என்ற நூற்பாலை வந்தது, அதைப் பார்த்துப் பருத்தி விளைத்த குடும்பங்களே பஞ்சிலிருந்து கொட்டை பிரிக்கும் ஜின்னிங் போட்டு, அப்புறம் சொந்தமாக மில்லும் போட்டன, 1937-ல் இங்கேயே மின்மோட்டார் செய்தார்கள். எல்லாமே மனிதர்களின் துணிச்சல். என் அப்பா பவுண்டரியில் மோல்டிங் வேலை பார்த்தவர், கையில் கருமண் போகவே போகாது. அந்த உழைப்பை விட்டுவிட்டு மலையைப் புகழ்வது எனக்குப் பிடிக்கவில்லை.

புவியியல் ஆசிரியர்
தம்பி, உழைப்பை யாரும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வரைபடத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மேற்குத்தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நீண்டு வந்து பாலக்காட்டில் மட்டும் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. சென்னையையும் மலபாரையும் இணைத்த ரயில் 1860-களில் கோவைக்குப் பக்கத்துப் போத்தனூர் வழியாகப் போனது அந்தத் திறப்பால்தான். தென்மேற்குப் பருவக்காற்று அதே வழியாக ஈரத்தோடு நுழைகிறது, காற்று வறண்டால் நூல் அறுந்துகொண்டே இருக்கும் என்பது மில்லில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். மூன்றாவது, பைக்காரா. நீலகிரியிலிருந்து தண்ணீர் 900 மீட்டருக்கு மேல் செங்குத்தாக இறங்குகிறது, 1932-ல் அதிலிருந்து மின்சாரம் வந்த பிறகுதான் மில்கள் மளமளவென்று பெருகின. அந்த மலை பக்கத்தில் இல்லாவிட்டால் எந்தத் துணிச்சல் எதை ஓட்டியிருக்கும்?

தாமிரபரணிக்கரை
ஐயா, நீங்கள் சொன்ன எல்லாமே எங்கள் பக்கமும் இருந்ததே! பாபநாசத்தில் 1880-களிலேயே ஆற்றுத் தண்ணீரின் விசையில் நூற்பாலை ஓடியது, உங்கள் ஸ்டேன்ஸ் மில்லுக்கும் முன்னால். கோவில்பட்டிப் பக்கம் கரிசல் மண், பருத்தி. செங்கோட்டையில் கணவாய் உண்டு, அது வழியாகக் குற்றாலச் சாரலும் காற்றும் வருகிறது. வற்றாத ஆறு, கூப்பிடு தூரத்தில் தூத்துக்குடித் துறைமுகம். அப்படியும் எங்கள் பிள்ளைகள் பஸ் ஏறித் திருப்பூருக்கும் கோவைக்கும்தான் வேலைக்குப் போகிறார்கள். நிலம்தான் எல்லாம் என்றால் இது ஏன்?

புவியியல் ஆசிரியர்
நியாயமான கேள்வி. நிலம் மட்டுமே போதும் என்று நான் எழுதியிருந்தால் அது தவறு. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். பாபநாசத்தில் அருவியின் விசை ஒரு கம்பெனியின் ஆலைக்குள் முடிந்துபோனது. பைக்காரா மின்சாரம் கம்பி வழியாகப் பல மில்லுக்கும் போனது, தோட்டத்துக் கிணற்றுக்கும் போனது. மாடு பூட்டிக் கவலை ஏற்றி இறைத்த கிணறுகளில் மோட்டார் ஏறியது. அதைச் செய்யவும் பழுது பார்க்கவும் பட்டறைகள் முளைத்தன. ஆற்றுப்பாசனம் இருந்த ஊரில் பம்பு செட்டுக்கு இத்தனை தேவை வந்திருக்குமா? தண்ணீர் இல்லாத குறையே இங்கே ஒரு தொழிலாக மாறியது.

பல்லடம் தோட்டம்
எல்லோரும் வளர்ச்சியைப் பற்றியே பேசுகிறீர்கள், நான் வேறொன்று சொல்கிறேனுங்க. போன மாசம் எங்கள் தோட்டத்தில் போர் போட்டோம். மேலே கொஞ்ச ஆழம் வரைக்கும் செம்மண்ணும் ஓடைக்கல்லுமாக வந்தது, அதற்குக் கீழே வெறும் பாறை. ரிக் வண்டி இறங்க இறங்க வெள்ளைக் கல் தூள் புகையாகக் கிளம்பித் தென்னை மட்டையெல்லாம் மாவு பூசின மாதிரி ஆகிவிட்டது. 1,150 அடியில் நிறுத்தினோம், தூள் லேசாக ஈரமானதோடு சரி. பாறையில் தண்ணீர் வெடிப்புகளில்தான் நிற்கும், அந்த வெடிப்பு கிடைப்பதெல்லாம் அதிர்ஷ்டம். சாலைக்கு அந்தப் பக்கம் கணவாய்க் காற்றுக்கு வைத்த காற்றாலைகள் ஆடி மாசம் விடாமல் சுற்றுகின்றன. அதே காற்று மழையை மலையிலேயே இறக்கிவிட்டு வருகிறது. வால்பாறைப் பக்கம் சின்னக்கல்லாறில் 3,000 மி.மீ.க்கு மேல் பெய்கிற மழை எங்களுக்கு வெறும் தூறல்.

அப்புறம் நொய்யல். திருப்பூர்ச் சாயத்தண்ணீர் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, பாசனத்துக்குக் கட்டிய அணையையே திறக்காதே என்று விவசாயிகள் போராட வேண்டியதாயிற்று. 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் சுத்திகரிப்பில் கெடுபிடி வந்தது. ஊர் வளர்ந்த கணக்கை எழுதுகிறவர்கள் இந்தச் செலவையும் சேர்த்து எழுதுங்கள்.

தாமிரபரணிக்கரை
அண்ணா, இதைப் படித்ததும் எங்கள் ஆற்றை நினைத்தேன். வேலைவாய்ப்பு வேண்டும்தான், ஆனால் தாமிரபரணி ஓரத்தில் சாயப்பட்டறை வரப்போகிறது என்றால் நானே முதல் ஆளாக எதிர்ப்பேன்.

சிங்காநல்லூர் பட்டறை
பல்லடத்து அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. நான் சப்மெர்சிபிள் பம்புக்கு, அதாவது தண்ணீருக்குள்ளேயே மூழ்கி ஓடும் பம்புக்கு, தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லர் சக்கரம் செய்கிறேன். ஆழம் கூடக் கூட இந்தச் சக்கரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவேண்டும், ஒரு அடுக்கு ஒரு ஸ்டேஜ். தொழிலுக்கு வந்த புதிதில் 15 ஸ்டேஜ் என்றாலே பெரிய ஆர்டர். இப்போது 50 ஸ்டேஜ் கேட்கிறார்கள். ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் எனக்குக் காசு, அந்த அளவுக்குத் தண்ணீர் கீழே போயிருக்கிறது என்பதும் அதிலேயே தெரிகிறது. நிலத்துக்குச் சம்பந்தமில்லை என்று முதலில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அண்ணா, அந்த 1,150 அடியில் கொஞ்சமாவது தண்ணீர் ஊறுகிறதா? எத்தனை அடியில் நிற்கிறது என்று சொல்லுங்கள், அதற்கேற்ற பம்பைப் பார்க்கலாம்.

பல்லடம் தோட்டம்
ராத்திரி முழுக்க ஊறினால் காலையில் முக்கால் மணி நேரம் ஓடுதுங்க. தென்னைக்குப் பத்தாது, மாட்டுக்கு ஆகும்.