எட்டாம் மாதத்தில் வந்த 342

முதல் பிரசவத்துக்கு முன், எட்டாம் மாத இரத்தப் பரிசோதனையில், கல்லீரலுக்காகப் பார்க்கும் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்ற நொதி 342 என்று வந்தது. உச்ச வரம்பு 130 என்று பக்கத்திலேயே அச்சிட்டிருந்தார்கள். மஞ்சள் காமாலைதான் என்று முடிவு கட்டி அத்தை கீழாநெல்லி தேடக் கிளம்பிவிட்டார். எனக்கு அன்றிரவு தூக்கமே இல்லை.

மறுநாள் மருத்துவர், கல்லீரல் பாதிக்கப்பட்டால் ஏறும் இன்னொரு நொதியான எஸ்.ஜி.பி.டி.யைத்தான் முதலில் பார்த்தார். அது 22, இயல்புதான். "இது கல்லீரலிலிருந்து வந்ததில்லை அம்மா, நஞ்சுக்கொடியிலிருந்து வந்தது" என்றார். அந்த நொதி எலும்பிலும் குடலிலும்கூட உண்டு. கடைசி மூன்று மாதங்களில் அது இரண்டு மடங்குக்கு மேல் ஏறுவது இயல்புதான். 130 என்பது கர்ப்பமில்லாதவர்களுக்கான கணக்கு. அதை அந்தத் தாளில் ஒரு வரியாகப் போட்டிருக்கலாம்.

இரண்டாவது கர்ப்பத்தில், 34ஆம் வாரம், இரவானால் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்தன. தோலில் தடிப்பு எதுவும் இல்லை. முன்பு வீணாகப் பயந்தோமே என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு ஐந்து நாள் சும்மா இருந்துவிட்டேன். இதை எழுதுவதே அந்த ஐந்து நாளுக்காகத்தான். பிறகு பரிசோதித்தால் எஸ்.ஜி.பி.டி. 186, பித்த அமிலம் 52, இரண்டுமே அதிகம். கர்ப்பகாலப் பித்தத் தேக்கம் என்றார்கள்: பித்தம் சரியாக வடியாமல் இரத்தத்தில் சேரும், வயிற்றுக் குழந்தையையும் பாதிக்கக்கூடிய கோளாறு. அரிப்புக்கு அர்சோடியாக்சிகோலிக் அமில மாத்திரை, வாரந்தோறும் பரிசோதனை, 38ஆம் வாரத்தில் வலி வரவழைத்துப் பிரசவம். குழந்தை நலம். சில நாட்களில் அரிப்பும் போய்விட்டது.

மறுமொழி 1
என் மகனுக்கு 13 வயதில் அதே நொதி 410. அந்த ஆண்டில் மட்டும் அவன் ஒன்பது சென்டிமீட்டர் வளர்ந்திருந்தான். கல்லீரல், பித்தக் குழாய்க் கோளாறில் ஏறும் ஜி.ஜி.டி. என்ற நொதியைப் பார்க்கச் சொன்னார்கள், இயல்பாக இருந்தது. எலும்பு வளரும்போது ஜி.ஜி.டி. ஏறாதாம். அவன் அக்காவுக்கு ஹெபடைடிஸ் ஏ வந்தபோது கதையே வேறு: எஸ்.ஜி.பி.டி. 1,800, ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் கொஞ்சம்தான் கூடியிருந்தது. கண் மஞ்சளாகும் முன்பே சோறு கண்டால் குமட்டியது அவளுக்கு.

மறுமொழி 2
என் தங்கைக்கு இப்போது 31ஆம் வாரம். உள்ளங்கால் அரிக்கிறது என்று முந்தாநாள் சொன்னாள். சூடு என்று நினைத்து மோர் குடிக்கச் சொன்னேன். எங்கள் அம்மாவுக்கும் என்னைச் சுமந்தபோது இப்படி அரித்ததாம். நாளைக் காலை அழைத்துப் போகிறேன்.

மறுமொழி 3
நான்தான், முதலில் எழுதியவள். அம்மாவுக்கு இருந்ததை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பித்த அமிலப் பரிசோதனையையும் கேளுங்கள் அக்கா, எஸ்.ஜி.பி.டி. இயல்பாக இருக்கும்போதே அது ஏறியிருக்கக்கூடும். குழந்தையின் அசைவு குறைந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், இன்றிரவே போய்விடுங்கள்.