தம்ப் சேஃப்டி தானாக இறங்கிய அனுபவம் யாருக்காவது உண்டா?

டல்லாஸ்வாசி:

டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து, துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத் தடை எதுவும் இல்லாத 21 வயது நிரம்பியவர்கள் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துப் போகலாம் என்று ஆகிவிட்டது. எனக்குத் தெரிந்த நம் ஆட்களிலும் சிலர் வாங்கிவிட்டார்கள். கடையில் அவர்கள் முதலில் கேட்பது "இதுல சேஃப்டி இருக்கா?" என்றுதான், அதாவது ட்ரிக்கரை அழுத்தினாலும் சுடாதபடி கட்டைவிரலால் தள்ளிப் பூட்டும் லீவர், தம்ப் சேஃப்டி. இருக்கு என்று கடைக்காரர் சொன்னதும் பாதி பயம் போய்விடுகிறது. அந்தச் சின்ன லீவரை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று எனக்குத் தெரியவந்ததை எழுதுகிறேன், உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

என்னிடம் இருப்பது 1911 வகை, 9 எம்எம், குட்டை பேரல். ஜான் பிரவுனிங் வடிவமைத்து அமெரிக்க ராணுவம் 1911இல் ஏற்றுக்கொண்ட அதே அமைப்பு. இதை இடுப்பில் வைப்பவர்கள் பெரும்பாலும் சேம்பரில், அதாவது பேரலின் பின்முனையில், ரவுண்டு (தோட்டா) ஏற்றி, தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கும் ஹேமர் பின்னால் நிற்க, சேஃப்டியை மேலே தள்ளி வைப்பார்கள். காக்டு அண்ட் லாக்டு என்று சொல்வது இதைத்தான். எடுக்கும்போது கட்டைவிரலால் லீவரைக் கீழே அழுத்தினால் சுடத் தயார்.

ஒரு நாள் இரவு கடைக்குப் போய்விட்டு வந்து, ஹோல்ஸ்டரோடு (உறையோடு) கழற்றிப் பெட்டியில் வைக்கப் போகிறேன், லீவர் கீழே கிடக்கிறது. காலையில் மேலே தள்ளி அது 'டக்' என்று உட்கார்ந்தது நன்றாக நினைவிருக்கிறது. வயிற்றைப் பிசைந்தது. யாரும் தொடவில்லை, நானும் வெளியே எடுக்கவில்லை, பிறகு எப்படி?

மறுநாள் ரவுண்டு எல்லாவற்றையும் எடுத்து, சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, மேகசினை (தோட்டா அடுக்கும் பெட்டியை) வீட்டுக்குள்ளேயே விட்டுவிட்டு, காலித் துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு காரில் போய் உட்கார்ந்தேன். இங்கே ஓட்டுபவர் இடப்பக்கம் உட்காருகிறோம், அதனால் சீட் பெல்ட் பக்கிள் சரியாக வலது இடுப்பை ஒட்டி வருகிறது. என் துப்பாக்கியில் இரண்டு பக்கமும் லீவர் உண்டு. இடப்பக்க லீவர் உடம்பை ஒட்டி இருக்கும், வலப்பக்க லீவர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பெல்ட்டை இழுத்துப் பக்கிளில் செருகும்போது முழங்கை, சட்டை, பெல்ட் எல்லாம் சேர்ந்து அந்த வெளிப்பக்க லீவரின் தலையை மேலிருந்து கீழாகத் தேய்த்துக்கொண்டு போகின்றன. சில தடவை ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ஒரு தடவை மெல்ல, சத்தமே இல்லாமல் இறங்கியது. காலையில் கேட்ட அந்த 'டக்' கூட இல்லை, அதனால் ஓட்டிக்கொண்டிருப்பவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

வெடித்திருக்குமா என்றால், இல்லை. கைடெக்ஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கால் ஆன ஹோல்ஸ்டர் ட்ரிக்கரை முழுவதும் மூடியிருந்தது, பிடியின் பின்பக்கம் இருக்கும் க்ரிப் சேஃப்டியும் கையால் இறுக்கிப் பிடிக்காமல் ட்ரிக்கரை நகர விடாது. அதனால்தான் சொல்கிறேன், இடுப்பில் இருக்கும் நேரம் முழுவதும் நம்மைக் காப்பாற்றுவது ஹோல்ஸ்டர். கனமான, ட்ரிக்கரை முழுதாக மூடுகிற, வாய் சுருங்காத ஹோல்ஸ்டருக்குக் காசு செலவழிக்க யோசிப்பவர்கள், "சேஃப்டிதான் போட்டிருக்கேனே" என்ற தைரியத்தில் துணி உறையில் வைத்துக்கொண்டு திரிவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது.

இப்போது ஒரு கடையில் கொடுத்து ஒற்றைப் பக்க லீவராக மாற்றிவிட்டேன். அதன் பிறகு ஒரு தடவைகூட இறங்கவில்லை.

பீனிக்ஸிலிருந்து:

எனக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். என்னுடையது ஹேமர் இல்லாத சின்ன பிளாஸ்டிக் ஃப்ரேம் துப்பாக்கி, லீவர் அரிசி மணி மாதிரி இத்துனூண்டு. நான் சேஃப்டி போடாமல்தான் வைத்துக்கொள்வேன், ட்ரிக்கர் கொஞ்சம் கனம், ஹோல்ஸ்டரும் நல்லது, அது போதும் என்று. ஒரு பயிற்சி வகுப்பில் டைமர் ஒலித்ததும் எடுத்து நீட்டி அழுத்துகிறேன், ட்ரிக்கர் கல் மாதிரி நிற்கிறது. நாள் முழுக்க உட்கார்ந்து எழுந்ததில் இடுப்புச் சதை லீவரை மேலே தள்ளியிருக்கிறது. பக்கத்தில் நின்ற பயிற்சியாளர் ஒன்றும் திட்டவில்லை, "உன் கட்டைவிரல் எங்கே போச்சு?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து ஒரே பழக்கம்தான். சேஃப்டி போட்டிருக்கிறதா இல்லையா என்ற யோசனையே வேண்டாம், ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் கட்டைவிரல் அந்த இடத்தைக் கீழே தேய்த்துவிட்டுத்தான் பிடியில் உட்கார வேண்டும். வீட்டில் காலித் துப்பாக்கியோடு தினமும் செய்கிறேன். இங்கே கோடையில் கை வியர்வையில் வழுக்கும், அந்த மாதிரி லீவரை நகத்தால்தான் தள்ள முடிகிறது. பெரிய லீவர் உள்ள மாடலை வாங்குங்கள், இல்லை லீவரே இல்லாததை வாங்குங்கள். நடுவில் இருக்கும் இந்த அரிசி மணியை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பழைய சிப்பாய்:

நான் இங்கே ராணுவத்தில் இருந்தவன், எங்களுக்குக் கொடுத்தது எம்9, அதாவது 1985இல் ராணுவம் தேர்ந்தெடுத்த பெரெட்டா. அதில் லீவர் ஸ்லைடு மேலேயே, அதாவது சுடும்போது முன்னும் பின்னும் நகரும் மேல்பாகத்திலேயே இருக்கும், கீழே தள்ளினால் சேஃப், மேலே தள்ளினால் சுடும். 1911இல் கீழே தள்ளினால் சுடும். வெளியே வந்ததும் 1911 வாங்கிய என் நண்பர் ரேஞ்சில் லீவரை மேலே மேலே தள்ளிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். பல வருடம் ஊறிய விரல் சொன்னபடி கேட்காது. இரண்டு வகையையும் மாற்றி மாற்றி இடுப்பில் வைப்பவர்கள் தயவுசெய்து ஏதாவது ஒன்றோடு நில்லுங்கள்.

ஆனால் டல்லாஸ் நண்பர் சேஃப்டியைக் கொஞ்சம் அதிகமாகவே ஒதுக்கிவிட்டார். ஹோல்ஸ்டருக்குள் திரும்ப வைக்கிற அந்த ஒரு நொடி இருக்கிறதே, அப்போது ஹோல்ஸ்டரால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. சட்டை நுனி, ஜாக்கெட்டின் இழுகயிறு ஏதாவது ட்ரிக்கரைச் சுற்றியிருக்கும் வளையத்துக்குள் (ட்ரிக்கர் கார்டு) போய் மாட்டிக்கொண்டு, நீங்கள் உள்ளே அழுத்த அழுத்த அது ட்ரிக்கரை இழுக்கும். க்ரிப் சேஃப்டியும் அப்போது கைக்குள் அழுந்தித்தான் இருக்கும். அந்த நேரத்தில் தடுப்பது தம்ப் சேஃப்டி மட்டும்தான். சேஃப்டியை மேலே தள்ளி, கண்ணால் உறையின் வாயைப் பார்த்து, நிதானமாக வையுங்கள். வேகமாக எடுக்கத்தான் அவசரம், திரும்ப வைக்க என்ன அவசரம்?

இன்னொன்று கேட்க வேண்டும். அந்த ஒற்றை லீவரைப் பொருத்தியவர் அரம் போட்டு அளவு பார்த்தாரா, அல்லது பாக்கெட்டிலிருந்து எடுத்து அப்படியே மாட்டினாரா? 1911 லீவரை ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனியாக இழைக்க வேண்டும். உள்ளே ஹேமரைப் பிடித்து வைத்திருக்கும் சியர் என்ற பாகத்தை அந்த லீவரின் மூக்கு நகர விடாமல் தடுப்பதுதான் சேஃப்டி. இழைப்பு குறைந்தால் லீவர் மேலேயே ஏறாது, அது உடனே தெரிந்துவிடும். அதிகமானால் லீவர் அழகாக ஏறும், இறங்கும், ஆனால் உள்ளே சியர் கொஞ்சம் அசையும். காலித் துப்பாக்கியில் ஹேமரை ஏற்றி, சேஃப்டி போட்டு, பிடியை இறுக்கி ட்ரிக்கரை நன்றாக அழுத்திவிட்டு விரலை எடுத்துவிடுங்கள். பிறகு சேஃப்டியைக் கீழே இறக்குங்கள், ஹேமர் விழக் கூடாது. விழவில்லை என்றால் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஹேமரை மெதுவாகப் பின்னால் இழுங்கள். ஒரு சின்ன 'டிக்' கேட்டால் சியர் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பேரல் வேறு திசையில் இருக்கட்டும்.

டல்லாஸ்வாசி:

இப்போதுதான் செய்து பார்த்தேன். ஹேமர் விழவில்லை. ஆனால் 'டிக்' கேட்டது. நம்பாமல் திரும்பவும் செய்தேன், ஒவ்வொரு முறையும் கேட்கிறது, வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன், அவளுக்கும் கேட்டது. திரும்ப வைப்பதைப் பற்றி நீங்கள் சொன்னதையும் ஒத்துக்கொள்கிறேன், அந்த நொடிக்குத்தான் இந்த லீவர் என்றால் அது முழுசாகப் பிடித்தாக வேண்டும். மாட்டிக் கொடுத்த கடைக்குத் திரும்பப் போவதாக இல்லை. 1911 வேலை மட்டும் செய்கிற ஒரு கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்) பேசினேன், இழைத்தது இழைத்ததுதான், புது லீவர் போட்டு முதலிலிருந்து பொருத்த வேண்டும், அப்படியே லீவரை அதன் நிலையில் பிடித்து வைக்கும் ஸ்ப்ரிங்கையும், அது இருக்கும் குழாயான ப்ளஞ்சர் ட்யூப் தளர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுகிறேன் என்றார். சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அதுவரை பெட்டியில், ரவுண்டு இல்லாமல்.