வாளையாருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும்: பிரிண்டர் கடைங்க ஆர்டரைச் சேர்த்து ஓட்டலாமா?

கஞ்சிக்கோடு மெஷின்:
கேரளாப் பக்கம் கஞ்சிக்கோடு, வாளையார், தமிழ்நாட்டுப் பக்கம் மதுக்கரை, மூணு ஊருலயுமா ஆறு பேர் 3டி பிரிண்டர் வெச்சிருக்கோம். போன மாசம் ஒரு கடையில ராப்பகலா ஓட்டம், என் மெஷின் நாலு நாள் சும்மா கிடந்துச்சு. எல்லா ஆர்டரையும் ஒரே ஷீட்ல போட்டு, யாருது காலியோ அவங்க ஓட்டினா என்ன? ரேட்டையும் ஒண்ணா வெச்சுக்கலாம். பம்பு கம்பெனிக்காரங்க கடை கடையா விலை கேட்டு அடிமாட்டு ரேட்டுக்கு இறக்கறாங்கன்னு மதுக்கரை அண்ணன் புலம்பறார்.

பவுண்டரித் தம்பி:
வாங்கறவன் இருக்கற இடத்துலயே ரேட்டை ஒண்ணா வெக்கறேங்கறீங்களே, தைரியந்தாங்ணா.

எனக்கு ரேட் பிரச்சனை இல்லை. யார் கையில வேலை இருக்குதுன்னு தெரியணும். போன வருஷம் ஒரு இம்பெல்லர் (பம்புக்குள்ள தண்ணியைத் தள்ளற சக்கரம்) பேட்டர்ன், அதாவது வார்ப்பு அச்சு எடுக்கற மாதிரி, பிரிண்ட் பண்ணக் குடுத்தோம். வார்ப்பிரும்பு ஆறும்போது சுருங்கும்னு ட்ராயிங்லயே ஒரு சதவீதம் நாங்க ஏத்தியிருந்தோம். எடுத்தவர் வேலையை வேற கடைக்குத் தள்ளிவிட்டார். அந்தப் புண்ணியவான் வார்ப்பிரும்புன்னு பார்த்ததும் தன் பங்குக்கு ஒரு சதவீதம் ஏத்திட்டார். 200 மி.மீ. இம்பெல்லர் 2 மி.மீ. பெருசா வந்து நிக்குது. ஊத்தி, ஆற வெச்சு, அளந்தப்பறம்தான் தெரியும். ஷீட்ல பேர் மாத்தறது சுலபம், அந்த ஒரு சதவீதத்தை யார் சொல்லுவாங்க?

மதுக்கரை பவுடர்:
ரெண்டு பேரும் மெஷின்னு பொதுவாப் பேசறீங்க. பிளாஸ்டிக் ஒயரை உருக்கி அடுக்கற ஒயர் மெஷின்ல பத்து சாமான்னா பத்து மடங்கு நேரம். அதைச் சேர்த்து ஓட்டி ஒரு லாபமும் இல்லை, க்யூ இடம் மாறும், அவ்வளவுதான்.

என்னுது நைலான் பவுடர். லேசர் உருக்காத தூளே சாமானைத் தாங்கிக்கும், அதனால ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கலாம். ஒரு சாமானோ அறுபதோ, உயரம் ஒண்ணுன்னா நேரம் கொஞ்சம்தான் கூடும். ஓடின நேரம் அளவுக்கு ஆறவும் விடணும், அவசரப்பட்டுத் திறந்தா வளையும். மிச்சத் தூளும் சூட்டுல கெட்டுப்போகும், நான் பாதிக்குப் பாதி புதுசு கலக்கறேன். மெஷின் பெட்டியில கால்வாசிக்கு மட்டும் சாமான் வெச்சு ஓட்டினா மிச்சத் தூளுக்கும் சேர்த்துத்தான் தண்டம். சேர்த்து ஓட்டறது எனக்குக் கட்டாயம், கஞ்சிக்கோட்டாருக்கு ஆசை.

பவுண்டரித் தம்பி:
அப்ப நீங்க உக்கடம் ஷேர் ஆட்டோ. ஆள் நிறையற வரைக்கும் எடுக்க மாட்டீங்க, நான் உள்ள உக்காந்து வேர்க்கணும்.

இன்னொண்ணு. ஆறு பேருக்கும் வாடிக்கை ஒரே பம்புதானே? கோடை முன்னாடி எல்லாருக்கும் ஒண்ணா ஆர்டர் கொட்டும், மழை விழுந்தா எல்லாரும் ஒண்ணா ஈ ஓட்டுவீங்க. ஷீட் என்ன செய்யும்?

கஞ்சிக்கோடு மெஷின்:
போன மாசம் அப்படி இல்லையே. ஒருத்தர் நிறைஞ்சு, நான் காலி.

பவுண்டரித் தம்பி:
நிறைஞ்சவருக்குப் பல் டாக்டர் வேலை வந்துச்சு. வேற சந்தை பிடிச்சவர் பிழைச்சார். அதுக்கும் ஷீட்டுக்கும் என்னங்க சம்பந்தம்?

வெறும் பார்வையாளர்:
ஏப்ரல்ல வாளையார்கிட்ட கார்ல பிஎல்ஏ பிளாஸ்டிக் பேட்டர்னை வெச்சுட்டு சாப்பிடப் போனேன். 60 டிகிரியிலயே இளகற சாமான். திரும்பி வந்தா அப்பளம். கடைக்குக் கடை அனுப்பறவங்க மரநிழல்ல நிறுத்துங்க.

பாலக்காட்டுக் கணக்கு:
ரேட்டை ஒண்ணா வெக்கறதை இப்பவே கைவிடுங்க. 2002ஆம் வருஷப் போட்டிச் சட்டம் 3ஆம் பிரிவு, போட்டியாளருங்க பேசி விலை வெக்கறதையே தப்புன்னு எடுத்துக்கும். அடுத்தது, கஞ்சிக்கோட்டார் ஜிஎஸ்டியில காம்போசிஷனா, அதாவது சின்ன வியாபாரிங்களுக்கான சுலப வரித் திட்டமா?

கஞ்சிக்கோடு மெஷின்:
ஆமா. 1 சதவீதம் கட்டிட்டு நிம்மதியா இருக்கேன்.

பாலக்காட்டுக் கணக்கு:
அப்ப எல்லை தாண்டிச் சரக்கு விக்கவே முடியாது. கோயமுத்தூர் வேலை வேணும்னா காம்போசிஷனை விட்டு வெளிய வரணும். பார்ட்டி பைல் மட்டும் அனுப்பி, தூளோ ஒயரோ உங்களுதுன்னா அது விற்பனை. 50,000 ரூபாய்க்குள்ள இ-வே பில் (சரக்கு வண்டிக்கான ஆன்லைன் சீட்டு) வேண்டாம். அவங்க பொருளையே ஜாப் ஒர்க்குக்குன்னு, அதாவது கூலிக்கு வேலை செஞ்சு தரச் சொல்லி, எல்லை தாண்டி அனுப்பினா நூறு ரூபாய்ச் சாமானுக்கும் இ-வே பில் வேணும். 2017ல வரிச் செக்போஸ்ட் போயிடுச்சுங்கறதுக்காகக் கோடு போயிடலை.

கஞ்சிக்கோடு மெஷின்:
பாலக்காட்டுக்குள்ளயே வித்ததாலதான் மெஷின் சும்மா கிடந்துச்சோ என்னவோ. ஆடிட்டரைப் பார்க்கறேன். ஒயர் மெஷினை ஷீட்ல இருந்து எடுத்துடறேன், பவுடர் மட்டும் இருக்கட்டும்.

மதுக்கரை பவுடர்:
செவ்வாய், வெள்ளி ரெண்டு நாள் சாயந்திரம் பெட்டியை மூடிருவேன், நிறைஞ்சாலும் நிறையாட்டியும்.

பவுண்டரித் தம்பி:
நிறையாத அன்னிக்கு நட்டம் யாருக்கு?

மதுக்கரை பவுடர்:
இடம் பிடிச்சு வெச்சுட்டு பைல் அனுப்பாதவருக்கு.

பவுண்டரித் தம்பி:
இது பேச்சு. வெள்ளிக்கு ஒரு பேட்டர்ன் அனுப்பறேன். சுருக்கம் ஏத்தியாச்சுங்ணா, தயவுசெஞ்சு கை வெக்காதீங்க.