கல்யாண ஆசை வராததும் இறையழைத்தலும் ஒன்றா?

வாசல்படி:
வணக்கம். நேரில் யாரிடமும் கேட்கத் துணிவில்லாத கேள்வி, அதனால் இங்கே கேட்கிறேன். கல்லூரிப் படிப்பு முடியப் போகிறது. கத்தோலிக்கக் குருவாகப் பயிற்சி தரும் குருமடத்தில் சேரலாம் என்ற எண்ணம் சின்ன வயதிலிருந்தே உண்டு. திருப்பலி பிடிக்கும், தனியாக உட்கார்ந்து செபிப்பது பிடிக்கும், நோயாளிகளைப் பார்க்கப் போவதும் பிடிக்கும். இதில் பொய் எதுவும் இல்லை.

ஆனால் நண்பர்கள் பெண்களைப் பற்றிப் பேசும்போது எனக்கு அதில் ஒட்டுவதே இல்லை. சரி, ஆண்கள் மீதுதான் ஈர்ப்போ என்று யோசித்தால் சில நாள் ஆமாம் என்று தோன்றுகிறது, சில நாள் எதன் மேலும் எதுவும் இல்லை என்று தோன்றுகிறது. வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தால் "நான் சாமியாராகப் போறேன்" என்கிறேன், பேச்சு அதோடு நின்றுவிடுகிறது, எல்லாருக்கும் பெருமை வேறு. அப்போது எனக்குள் வருகிற நிம்மதியை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. குருக்கள் கல்யாணம் செய்யாமலே வாழும் மணத்துறவை மற்றவர்கள் தியாகம் என்கிறார்கள், எனக்கு அது சலுகை மாதிரி தெரிகிறது. நான் குருத்துவத்தைத் தேடுகிறேனா, இல்லை யாரும் என்னைக் கேள்வி கேட்காத இடத்தையா?

பாதியில்_இறங்கியவன்:
இறையியல் படிக்கும்போது குருமடத்திலிருந்து வெளியே வந்தவன் நான். யாரும் துரத்தவில்லை, நானாகத்தான் வந்தேன், இன்றும் கோயிலுக்குப் போகிறேன்.

உள்ளே எல்லாரிடமும் ஓர் அழைத்தல் கதை தயாராக இருக்கும். பங்குத்தந்தையைப் பார்த்து ஆசை வந்தது, பாட்டி நேர்ந்துகொண்டார், இப்படி. வருஷா வருஷம் விண்ணப்பத்திலும் நேர்காணலிலும் சொல்லிச் சொல்லி அது மெருகேறிவிடும். நீங்கள் மேலே எழுதியதை வாய்விட்டுச் சொன்ன ஒருவரைக்கூட நான் அங்கே பார்க்கவில்லை. பாலுணர்வைப் பற்றி உருப்படியாகச் சொல்லித் தந்ததும் குறைவு, "தனிப்பட்ட நட்பு ஆபத்து" என்ற எச்சரிக்கைதான் அதிகம். இரவு உணவுக்குப் பிறகு ஒரே ஆளோடு நாலு நாள் சேர்ந்து நடந்தால் ஐந்தாம் நாள் அதிபர் அறைக்குக் கூப்பிட்டு விசாரிப்பார். அதனால் எங்களுக்கு நட்பைக் கையாளத் தெரியவில்லை, மறைக்க நன்றாகத் தெரிந்தது.

உங்களுக்கு ஒரு கேள்வி. குருத்துவமும் மணத்துறவும் பிரிக்கவே முடியாதவை அல்ல. பேதுருவுக்கு மாமியார் இருந்தது மாற்கு நற்செய்தியிலேயே இருக்கிறது. மேற்கத்திய திருச்சபையில் குருக்களின் திருமணம் செல்லாது என்று உறுதியானது 1139-இல், திருச்சபைத் தலைவர்கள் கூடிய இரண்டாம் லாத்தரன் சங்கத்தில். ரோமோடு ஒன்றித்திருக்கும் கீழைத் திருச்சபைகள் பலவற்றில் மணமானவர்கள் இன்றும் குருவாகிறார்கள். நாளைக்கே இந்த விதி போய், எல்லாக் குருக்களிடமும் "எப்போ ஃபாதர் கல்யாணம்?" என்று கேட்கத் தொடங்கினால், அப்போதும் உங்களுக்கு அந்த அங்கி வேண்டுமா?

கேள்விக்குறி:
நண்பரே, யாரும் சொல்லாததைச் சொல்கிறேன். 2005-இல் வத்திக்கான் வெளியிட்ட அறிவுறுத்தலில், ஆழமாக வேரூன்றிய தன்பாலீர்ப்பு உள்ளவர்களைக் குருமடத்தில் சேர்க்கக்கூடாது என்று இருக்கிறது, 2016-இல் வந்த குருத்துவப் பயிற்சி விதிகளிலும் அதையே திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். இப்படி விதி போட்டுவிட்டு "மனம் திறந்து பேசு" என்றால் எவன் பேசுவான்? உங்களுக்கே இன்னும் தெரியாத ஒன்றை உள்ளே போய் ஒளித்து வைக்கப் பழகிவிடுவீர்கள். திருச்சபையில் நடந்த பாலியல் அசிங்கம் எல்லாவற்றுக்கும் இந்த மணத்துறவுதான் காரணம். கல்யாணம் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று வீட்டில் சொல்லுங்கள், அதற்கு எதற்கு அங்கி?

மணிக்கூண்டு:
மறைமாவட்டக் குரு நான், குருப்பட்டம் பெற்றுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. முதலில் கேள்விக்குறிக்கு. குற்றங்கள் நடந்தன, மூடி மறைத்தார்கள், அதில் மறுக்க எதுவுமில்லை. ஆனால் காரணம் மணத்துறவு என்பது அவ்வளவு எளிதாக நிற்காது. அமெரிக்க ஆயர்கள் கேட்டு ஜான் ஜே கல்லூரி செய்த ஆய்வு 2011-இல் வந்தது, மணத்துறவோ தன்பாலீர்ப்போ காரணம் என்று சொல்ல முடியாது என்பதுதான் அதன் முடிவு. 2005 ஆவணம் ஆட்களைப் பேசவிடாமல் செய்கிறது என்பதில் உங்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை.

தம்பி வாசல்படி, கலப்படமில்லாத நோக்கத்தோடு குருமடம் வந்தவனை நான் பார்த்ததில்லை. ஒருவனுக்குப் படிப்பு, ஒருவனுக்கு மரியாதை, ஒருவனுக்கு அப்பாவின் குடியிலிருந்து தப்பிக்க ஒரு வழி. உனக்குக் கல்யாணப் பேச்சிலிருந்து விடுதலை. இதை வைத்தே அழைத்தல் இல்லை என்று முடிவு கட்டாதே. ஆனால் இப்போதைய நிம்மதி நீண்ட நாள் தாங்காது. காலையில் ஒரு திருமணத்தை மந்திரித்து, மாலை வரவேற்பில் எல்லாரோடும் படம் எடுத்துக்கொண்டு, ஒன்பது மணிக்குப் பங்கு இல்லத்தின் பூட்டைத் திறந்து, சமையல்காரர் மூடி வைத்த தட்டை எடுத்து நின்றபடியே சாப்பிடுவேன். காமம் அந்த நேரத்தில் பெரிய பிரச்சினை இல்லை. இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்க ஆள் இருக்காது. எனக்கு உயிர் நண்பர்கள் சிலர் இருக்கிறார்கள், ஃபோனை எடுத்துவிடுவேன். அப்படி யாரையும் நெருங்க விடாத சக குருக்கள் குடியிலும் கோபத்திலும் போய் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆசையே இல்லாதவனுக்கு மணத்துறவு சுலபம் என்று நினைக்காதே. யாரோடும் நெருங்கத் தெரியாதவன் மக்களோடும் நெருங்க மாட்டான். பாதியில் இறங்கியவர் கேட்ட கேள்வி நல்லதுதான், ஆனால் இந்த வயதில் அதற்கு நேர்மையான பதில் வருமா என்பது சந்தேகம்.

வாசல்படி:
நன்றி ஃபாதர். யாரிடமாவது பேசலாம் என்றால், பேசியதே எனக்கு எதிராகத் திரும்பிவிடாதா?

மணிக்கூண்டு:
யாரிடம் பேசுகிறாய் என்பதைப் பொறுத்தது. இறையழைத்தல் பொறுப்பாளரும் குருமட அதிபரும் உன்னைப் பற்றி அறிக்கை எழுதுகிறவர்கள். ஆன்ம குருவும் பாவசங்கீர்த்தனம் கேட்பவரும் அப்படி இல்லை. ஒருவனுக்குப் பட்டம் கொடுப்பதா, அவனை அனுப்பிவிடுவதா என்று முடிவெடுக்கும்போது இவர்களுடைய கருத்தைக் கேட்கவே கூடாது என்று திருச்சபைச் சட்டம் 240 சொல்கிறது. உளவியல் சோதனைக்கும் உன் சம்மதம் வேண்டும். ஆனால் அதிபர் நேரடியாகக் கேட்டால் பொய் சொல்லிச் சமாளிக்கலாம் என்ற நினைப்போடு போகாதே.

அவசரமும் இல்லை. குருப்பட்டத்துக்குக் குறைந்தபட்ச வயதே 25. மணத்துறவு வாக்கு கொடுப்பது அதற்கு முன்பு, குருப்பட்டத்துக்கு முந்தைய படியான திருத்தொண்டர் பட்டத்தின்போது. அதுவரை எந்த நாளிலும் பெட்டியைக் கட்டலாம். அதற்குப் பிறகு அந்தக் கடமையிலிருந்து விடுபடத் திருத்தந்தைதான் அனுமதி தர வேண்டும்.

பாதியில்_இறங்கியவன்:
பெட்டி கட்டுவதைப் பற்றி ஃபாதர் சொல்வது சட்டப்படி சரி. ஊரெல்லாம் "சாமியார் தம்பி" என்று கூப்பிட ஆரம்பித்த பிறகு அது அவ்வளவு சுலபம் இல்லை. முதலில் வீட்டில் "கல்யாணம் வேண்டாம்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், சாமியார் பேச்சை எடுக்காமல். அந்தச் சண்டை ஓய்ந்த பிறகும் குருமட ஆசை இருந்தால் விண்ணப்பம் வாங்குங்கள்.

வாசல்படி:
இதைப் படித்ததுமே வயிற்றைக் கலக்குகிறது. இந்த மாதக் கடைசியில் அக்கா வருகிறாள், முதலில் அவளிடம் சொல்லிப் பார்க்கிறேன்.