செல்லூர் வீட்டுக் குழு: கயலின் நோட்டு

ஞாயிறு, மாலை 6:40

கயல்: (படம்) ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் இன்று நடந்த மேட்ச். 90 நிமிடமும் உட்கார்ந்து குறித்தேன். ஷாட் அடித்த இடத்தில் ஒரு புள்ளி, கோல் என்றால் அதைச் சுற்றி ஒரு வட்டம்.

அம்மா: செமஸ்டருக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது கயல்.

பெரியப்பா: பிள்ளையை ஒன்றும் சொல்லாதே. இது என்ன தாயி, புள்ளிக்கோலம் மாதிரி இருக்கிறது?

கயல்: கோல் போஸ்டுக்கு முன்னால் இருக்கிற பெனால்டி பெட்டி பெரியப்பா. ஃபுட்பால் டேட்டா அனலிடிக்ஸ், ஸ்கௌட்டிங் என்று ஒரு வேலை இருக்கிறது. ஆட்டத்தை எண்ணால் அலசி, நல்ல ஆட்டக்காரரைத் தேடிப் பிடிப்பது. அதற்குப் போக ஆசை. முத்து அண்ணே, எங்கிருந்து தொடங்குவது?

முத்து அண்ணன்: 11 புள்ளி, 2 வட்டம். வட்டம் இரண்டும் பெட்டிக்குள். வெளியே இருந்து அடித்த 6 ஷாட்டும் வீண். இதைத்தான் எக்ஸ்ஜி (எக்ஸ்பெக்டட் கோல்ஸ், எதிர்பார்க்கும் கோல்) என்று கணக்காக்குகிறார்கள். அந்த மாதிரி இடத்திலிருந்து முன்பு அடித்த ஆயிரக்கணக்கான ஷாட்டுகளில் எத்தனை கோலானது என்று பார்த்து, ஒவ்வொரு ஷாட்டுக்கும் 0 முதல் 1 வரை மதிப்பு. பெனால்டிக்கு 0.76 அளவில் வரும். சரி, பந்தைப் பறித்ததைக் குறித்தாயா?

கயல்: ஆமாண்ணே. 4ஆம் நம்பர் பையன்தான் அதிகம். 9 தடவை.

முத்து அண்ணன்: எத்தனை தடவை முயன்று 9?

கயல்: அதைக் குறிக்கவில்லையே.

முத்து அண்ணன்: அதுதான் முக்கியம் கயல். இங்கிலாந்தில் சார்லஸ் ரீப் என்று ஒருவர். 1950 மார்ச்சில், ஸ்விண்டனில் மேட்ச் பார்க்கும்போது உன்னை மாதிரியே பென்சில், நோட்டோடு குறிக்க ஆரம்பித்தார். பல வருஷம் விடவில்லை. பெரும்பாலான கோல் மூன்று பாஸுக்குள் வருகிறது என்று கண்டார். அதனால் பந்தைத் தூக்கி நீளமாக அடியுங்கள் என்றார். அவர் எண்ணிக்கை சரி, முடிவுதான் தவறு. ஃபுட்பாலில் ஒரு அணி பந்தைக் கொண்டுபோகும் பெரும்பாலான தடவை மூன்று பாஸுக்குள் அறுந்துவிடும். அப்படி அறுந்ததையும் சேர்த்து வகுத்தால், நிறைய பாஸ் போட்டுப் போவதில்தான் கோல் விகிதம் கூடுதல் என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். கோலை மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவோம். தவறியதையும் எண்ணு.

பெரியப்பா: அதெல்லாம் சரி முத்து. நாங்கள் ரயில்வே கிரவுண்டில் ஆடும்போது பையன் ஓடி வருகிற தினுசைப் பார்த்தே ஆளைப் பிடித்துவிடுவார்கள்.

முத்து அண்ணன்: கண் இல்லாமல் முடியாது பெரியப்பா. ஆனால் ஆயிரம் ஆட்டத்தை ஒருவர் உட்கார்ந்து பார்க்க முடியாதே. எந்தப் பத்துப் பேரைப் போய்ப் பார்ப்பது என்று எண் சொல்லும். லிவர்பூலில் 2012 முதல் இந்த வேலையைப் பார்த்த இயன் கிரஹாம் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். நம்ம கயல் புள்ளியியல் படிக்கிறாள்.

சித்தி: சம்பளம் வருமா?

முத்து அண்ணன்: முதலில் குறைவுதான் சித்தி. வீடியோவை நிறுத்தி நிறுத்தி டேகிங் பண்ணுகிற வேலைதான், அதாவது பாஸ், ஷாட் என்று ஒவ்வொன்றையும் குறிக்கிற வேலைதான் முதலில் கிடைக்கும். நம்ம மதுரை சேது எஃப்சி 2019இல் இந்திய மகளிர் லீக்கையே ஜெயித்தது. பெண்கள் ஆட்டத்தைக் குறிக்க இங்கே ஆள் குறைவு. கயல் அங்கிருந்து தொடங்கலாம்.

அப்புறம் கயல், ஸ்டாட்ஸ்பாம்ப் என்கிற ஃபுட்பால் தரவு நிறுவனம் 2018, 2022 உலகக் கோப்பை ஆட்டங்களின் தரவை இலவசமாகவே போட்டிருக்கிறது. ஒவ்வொரு பாஸும் ஷாட்டும் ஒரு வரியாக, ஒரு மேட்சுக்கு 3,000 வரிக்கு மேல் இருக்கும். பைத்தான் என்கிற கணினி மொழியில் ஒரே ஒரு மேட்சைத் திற, ஷாட்டை மட்டும் வரை, போதும். அதில் மைதானம் நீளம் 120, அகலம் 80 என்று இருக்கும். உன் நோட்டிலும் அதே அளவில் கட்டம் போடு.

கயல்: சரிண்ணே. அடுத்த ஞாயிறு பறித்தது, தவறியது இரண்டையும் குறிக்கிறேன். ஒரு ஆளால் முடியாதே.

பெரியப்பா: நான் வருகிறேன். இன்னொரு நோட்டு வாங்கி வை.

அடுத்த ஞாயிறு, மாலை 6:55

கயல்: (படம்) 4ஆம் நம்பர்: 25 முயற்சி, 8 பறித்தான், 17 தவறியது. அந்த 17இல் 12 அவனுடைய இடது பக்கம்.

முத்து அண்ணன்: அருமை. வலது கால்காரனா?

கயல்: அப்படித்தான் நானும் எழுதி வைத்தேன்.

பெரியப்பா: இல்லை. பந்தைத் தட்டுவதெல்லாம் இடது காலில்தான். ஆனால் இடது பக்கம் திரும்பும்போது மட்டும் காலை ஊன்றத் தயங்குகிறான். ஆட்டம் முடிந்ததும் போய்ப் பார்த்தேன். இடது பூட்ஸின் அடி பிளந்து, சணல் கயிறு சுற்றிக் கட்டியிருக்கிறான். முடிச்சு உள்ளங்காலுக்குக் கீழே.

கயல்: நான் அதைப் பார்க்கவே இல்லை பெரியப்பா.

அம்மா: அந்தப் பிள்ளைக்கு எத்தனாம் நம்பர் பூட்ஸ்?

பெரியப்பா: 7. கேட்டு வைத்திருக்கிறேன். நாளைக்குச் சாயங்காலம் கடைக்குப் போவோம் கயல். அளவு பார்க்க அவனையும் கூட்டிக்கொள்வோம்.